பேராண்டியின் கவிதைக்குக் கவ்வாத்து

அடே பேராண்டி, ஒங் கவிதைய வாசிச்சேன். வாசிச்சேன்னு சொல்றது ஒரு மரியாதைக்கி. உள்ளதச் சொன்னா ஏறி எறங்குனேன். மொதப் பக்கத்துல எழுத்தெல்லாம் ஒண்ணொண்ணா மேலருந்து கீழ எறங்குது. தலைப்பு 'மழை'ன்னு இருந்ததால தப்பிச்சேன், இல்லாட்டி மாடிப்படின்னு நெனச்சிருப்பேன். ரெண்டாம் பக்கம் பூராவும் வெள்ள, நடுவுல ஒரே ஒரு கமா. ஒங்க அம்மாயி அத எள்ளுன்னு நெனச்சு நகத்தால சொரண்டிப் பாத்தா. மூணாம் பக்கத்துல ஒரு வாக்கியத்தத் தலகீழா நிறுத்தி, அது மேலயே இன்னொண்ணக் குறுக்கால படுக்கப் போட்டிருக்க. தாளத் திருப்பித் திருப்பிப் பாக்கையில மூக்குக்கண்ணாடி கழண்டு சாயத்தண்ணியில விழுந்திருச்சு. அதுக்கப்பறந்தான் ஒங் கவித எனக்குக் கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சது.

கோவிச்சுக்காத. எல்கடுவப் பக்கம் தேயிலக் காட்டுல ஆயுசுல பாதி கவ்வாத்து வெட்டுன கெழவனுக்குக் கவிதையப் பத்தி என்ன தெரியும்னு கேப்ப. நெசந்தான். எனக்குத் தெரிஞ்சதுல பாதி நீ சொல்லிக்குடுத்தது. பேராதனையிலருந்து லீவுக்கு வாறப்பெல்லாம் நோட்டத் தொறந்து வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்குறியே, நான் தூங்குறேன்னா நெனச்ச? கண்ணத்தான் மூடியிருந்தேன். மீதிப் பாதி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல எங்க வாத்தியாரு சொன்னது. அவரு பெரம்ப வச்சுக்கிட்டுச் சொன்னதால அது இன்னும் மறக்கல. இந்த ரெண்டு பாதியையும் வச்சுத்தான் இப்பப் பேசுறேன்.

நீ சொன்ன மொத விசயம், இது புதுசு, நவீனம், பழைய ஆளுகளுக்குப் பிடிபடாது. ஒன் நோட்டுலயே இருக்கே அய்யா பதிலு! பிரான்ஸ்ல கியோம் அப்போலினேர்னு ஒருத்தரு. மழைய அஞ்சு கம்பியா, கொஞ்சம் சாஞ்சாப்புல, எழுத்தெழுத்தா மேலருந்து கீழ எறக்குனாரு. அந்தப் பாட்டு இருக்குற பொஸ்தகம் 1918ல வந்திச்சு. சண்டையில தலையில குண்டுக்காயம் பட்டு வந்த மனுசன், அதே 1918 நவம்பர்ல, உலகத்தையே வாரிக்கிட்டுப் போன இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல்ல செத்தும் போனாரு. ஆக ஒன் மழை நூறு வருசம் லேட்டு. நம்ம ஊரு பஸ்ஸே அம்புட்டு லேட்டா வாறதில்ல.

அதே 1918லதான் நம்ம கண்டிச் சீமையில இன்னொருத்தரும் மறைஞ்சாரு. போப்பிட்டியில இருந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரு. எழுத்தப் படமா அடுக்குறதுக்கு அவரு பாரிசுக்குக் கப்பல் ஏறல. 'சித்திரக்கவிப் புஞ்சம்'னே ஒரு நூலு பண்ணிப்புட்டாரு. கோப்பியும் தேயிலையுமா வெள்ளக்காரன் கணக்குப் பாத்துக்கிட்டிருந்த மலையில, ஒரு முஸ்லிம் புலவரு எழுத்தப் பாம்பா வளைச்சுச் சக்கரமாச் சுத்துற வித்தைய வச்சிக்கிட்டிருந்திருக்காரு. நீ அப்போலினேருக்கு நோட்டுல மூணு பக்கம் ஒதுக்கியிருக்க. பக்கத்து மலையில இருந்தவருக்கு ஒரு வரி கூட ஒதுக்கலயே, அவருக்கு விசா இல்லங்கறதாலயா?

சித்திரக்கவின்னதும் நீ ஒதட்டச் சுழிப்பன்னு எனக்குத் தெரியும். சுழி. ஆனா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சுழி. தண்டியலங்காரத்துல ஒரு பட்டியலே இருக்கு. மாலைமாற்றுன்னா முன்னாலருந்து வாசிச்சாலும் பின்னாலருந்து வாசிச்சாலும் ஒரே பாட்டு. சுழிகுளம்னா எட்டெட்டு எழுத்தா நாலு வரி. எடமா வலமா வாசிச்சாலும் மேலருந்து கீழ வாசிச்சு உள்ள சுழிஞ்சு வந்தாலும் அதே பாட்டு. கோமூத்திரின்னு ஒண்ணு. மாடு நடந்துக்கிட்டே மூத்திரம் பேஞ்சா ரோட்டுல வளஞ்சு வளஞ்சு ஒரு கோடு விழுமில்ல, அதான் கணக்கு. ரெண்டு வரிய ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி, மேல ஒரு எழுத்து கீழ ஒரு எழுத்துன்னு வளஞ்சு வளஞ்சு வாசிச்சாலும் அதே ரெண்டு வரி திரும்பக் கெடைக்கும். இதுக்கு அந்தப் பேர வச்சவன் ரோட்டப் பாத்து நடந்தவன். ஒங்க ஆளுக இதுக்கே ஒரு இயக்கம் ஆரம்பிச்சு அறிக்க விட்டிருப்பீங்க.

நாகபந்தத்த எடுத்துக்க. ரெண்டு பாம்பு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கும். ஒடம்பு வழியா எழுத்த வரிசையா எழுதிக்கிட்டே போகணும். பாம்பும் பாம்பும் வெட்டிக்கிற ஒவ்வொரு கட்டத்துலயும் நிக்கிற எழுத்து இருக்கே, அது இந்தப் பக்கத்துக்கும் பொருந்தணும், அந்தப் பக்கத்துக்கும் பொருந்தணும். ஒரு எழுத்து பிசகுனா ரெண்டு பாம்பும் செத்துச்சு. ஒங் கவிதையில ஒரு எழுத்த எடுத்து ஒளிச்சு வச்சா ஒனக்கே தெரியுமா? நான் அந்தக் கமாவ ஒளிச்சு வச்சிருக்கேன். இன்னும் நீ தேடல.

நம்ம முத்துமாரியம்மன் கோயில்ல மாசி மகத்துக்கு அஞ்சு தேரு ஓடுறத சின்னப் புள்ளையிலருந்து பாக்குற. வடம் புடிக்கிறேன்னு சொல்லிட்டு ஐஸ்பழம் வாங்கப் போனவன்தானே நீ. அந்தத் தேர எழுத்துல கட்டுனவரு திருஞானசம்பந்தரு. சீர்காழிக்குப் பாடுன திருவெழுகூற்றிருக்கை. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஒரு படி. ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு அடுத்த படி. இப்புடியே ஏழு வரைக்கும் ஏறி ஏறி எறங்குற எண்ணுக பாட்டுக்குள்ள வரும். எண்ணு சும்மா எண்ணா வராது. ஒண்ணுன்னா அவன் ஒருத்தன், ரெண்டுன்னா உமையோட சேந்து நிக்கிற வடிவம், மூணுன்னா கண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் ஒட்டிக்கிட்டிருக்கும். அத எண்ணு வரிசையில அடுக்கி எழுதுனா தேரோட தட்டு தட்டா நிக்கும். கும்பகோணத்து ஆராவமுதனுக்குத் திருமங்கையாழ்வாரும் இப்புடி ஒரு தேரு கட்டியிருக்காரு.

பாத்தியா, இதுல ஒரு சங்கதி இருக்கு. சம்பந்தரு பாட்டக் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாலும் எண்ணு ஏறி எறங்குறது காதுல விழும். தேரு தாள்ல மட்டும் நிக்கல, ஓசையிலயும் நிக்கிது. மத்த சித்திரக்கவி முக்காவாசி அப்புடி இல்ல. நான் பழசுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் இல்ல. பாம்பு நல்லா வளஞ்சிருக்கும், பாட்டு மூச்சில்லாமக் கெடக்கும். அர்த்தத்தக் கேட்டா உரையாசிரியரக் கூப்புடணும். வித்தக்காரன் பத்துப் பேருன்னா பாட்டுக்காரன் ஒருத்தன். புதுசுலயும் இதே கணக்குத்தான். நீ எந்தப் பக்கத்து ஆளுங்கறதுதான் எனக்கு யோசன.

சரி, ஒன் அமெரிக்கக்காரருக்கு வருவோம். ஈ. ஈ. கம்மிங்ஸ், 1894ல பொறந்து 1962ல போனவரு. நீ சொன்னப்ப எனக்கு அந்த மனுசன மெய்யாவே புடிச்சிருந்திச்சு. தன்னச் சொல்ற 'ஐ'ங்கற எழுத்த இங்கிலீஸ்காரன் எப்பவும் பெருசா, நிமிந்தாப்புலதான் எழுதுவான். இவரு அதச் சின்னதா எழுதுனாரு. ஒரு வெட்டுக்கிளிப் பாட்டுல அந்தப் பூச்சியோட பேரு எழுத்தெல்லாம் கலஞ்சு, எங்கெங்கயோ துள்ளி, கடைசியிலதான் சரியான வரிசைக்கு வந்து ஒக்காருமாம். இன்னொண்ணு, 1958ல வந்தது, ஒரு எல விழுகுறது. இங்கிலீஸ்ல தனிமைக்கு ஒரு சொல்லு இருக்கே, அந்தச் சொல்ல மொதல் எழுத்துக்கு அப்பறம் பொளந்து, அந்தப் பொளவுக்குள்ள எல விழுற சேதிய அடைப்புக்குறி போட்டுச் சொருகிட்டாரு. எல்லாஞ் சேத்து நாலே சொல்லு. ஒடம்பு ஒல்லியா, மேலருந்து கீழ எறங்குது. பொளந்து தனியா நிக்கிற அந்த மொதல் எழுத்து டைப்ரைட்டர்ல பாத்தா ஒண்ணுங்கற எண்ணு மாதிரியே இருக்குமாம். தனிமைக்குள்ள ஒண்ணு நிக்கிது. ஆளு கெட்டிக்காரன்.

இன்னொரு பாட்டுல ஆளுகளுக்கு அவரு வச்ச பேரப் பாரு. அவன் பேரு 'எவனோ', அவ பேரு 'ஒருத்தருமில்ல'. இப்ப 'ஒருத்தருமில்ல அவன விரும்புனா'ன்னு வந்தா, ஊருக்கு அது அநாதையோட கதை, அவனுக்கு அது காதல் கதை. ஒரே வாக்கியம், ரெண்டு வீட்டுல வேற வேற சாப்பாடு. இது வித்த மட்டும் இல்ல. ஊரு கண்ணுக்குத் தெரியாத ரெண்டு பேர, ஊரு பேசுற சொல்லுலயே ஒளிச்சு வச்சிருக்காரு.

இதப் படிச்சுட்டு நீ என்ன பண்ண? நீயும் வாக்கியத்தக் கொடகொடன்னு கவுத்துட்ட. இங்கதான் நிறுத்தணும். இங்கிலீஸ்ல நாய் மனுசனக் கடிச்சத எழுதுறப்ப நாயையும் மனுசனையும் எடம் மாத்திப் போட்டா, மனுசன் நாயக் கடிச்சதா ஆயிரும், பேப்பர்ல வந்துரும். அவங்க பாஷையில வரிசைதான் எலக்கணம். அதுல கை வைக்கிறவன் துணிஞ்சவன். நம்ம பாஷையில 'மனுசனக் கடிச்சது நாய்', 'நாய் கடிச்சது மனுசன', 'கடிச்சது நாய் மனுசன' எப்புடிச் சொன்னாலும் கடி வாங்குனவன் மாறமாட்டான். வேற்றுமை உருபு அவன் முதுகுலயே ஒட்டிக்கிட்டுப் போகுது. கம்மிங்ஸ் உசிரக் குடுத்து ஏறுன சுவர நீ வாசல் வழியா நடந்து தாண்டிட்டு, 'பாத்தியா தாத்தா'ங்கற.

நம்மாளுக அந்த வாசல நல்லாவே புழங்கியிருக்காங்க. செய்யுள்ல சொல்லு எங்கெங்க கெடந்தா எப்புடி எப்புடிச் சேத்துப் பொருள் எடுக்கணும்னு நன்னூல்காரரு எட்டு வழி சொல்லி வச்சிருக்காரு. ஆத்துத் தண்ணியாட்டம் நேரா ஓடுறது ஒண்ணு, ஊஞ்சலாட்டம் நடுவுல நிக்கிற சொல்லு ரெண்டு பக்கமும் போயிட்டு வர்றது ஒண்ணு, பொந்துக்குள்ள போன பாம்பு தலையத் திருப்புற மாதிரி கடைசியில இருக்குறது முன்னால வர்றது ஒண்ணு, எங்கெங்கயோ செதறிக் கெடக்குறதப் பொறுக்கிச் சேக்குற கொண்டுகூட்டு ஒண்ணு. ஒன் மூணாம் பக்கத்த எங்க வாத்தியாருகிட்டக் காட்டியிருந்தா, கொண்டுகூட்டுன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு வெத்தலைக்கிப் போயிருப்பாரு.

வினைய முன்னால தூக்கிப் போடுறதும் அப்புடித்தான். 'வந்தான் அவன்', 'எழுந்தது கூட்டம்'. ஒரு காலத்துல அது சுருக்குன்னு இருந்திருக்கும். இப்ப எலெக்சன் மேடையில, சினிமா போஸ்டர்ல, பேப்பர்த் தலைப்புல எல்லாம் வினை முன்னாலதான் வருது. அதக் கவிதைன்னு சொன்னா எங்க தோட்டத்துத் தலைவரு பெரிய கவிஞரு.

எழுத்த வெட்டுற கதையும் பாப்போம். பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு நமக்கு ரெண்டு சாதி கெடையாது, அதனால 'நான்'ஐச் சின்னதாக்குற வித்த நம்மகிட்ட எடுபடாது. தனிமைய வெட்டிப் பாரு: த, னி, மை. மூணே துண்டு. அதுக்கு மேல வெட்டப் போனா மை ஒடஞ்சு ஐகாரக் கொம்பு மட்டும் தனியா நிக்கும். கம்ப்யூட்டர் அதுக்குப் பக்கத்துல புள்ளிப் புள்ளியா ஒரு வட்டத்தப் போட்டு, 'யாரோட புள்ள இது'ன்னு கேக்கும். ஒங் கவிதையில பதினோராவது வரியில அந்த வட்டம் நிக்கிது. அது நவீன உத்தின்னு நீ அம்மாயிகிட்டச் சொன்னத நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அப்ப நம்ம பாஷையில எது வளையாது, எங்க கைய வச்சா வலிக்கும்? அதத் தேடணும்டா. தமிழு ஒரு எடத்துலதான் அடம் புடிக்கும். மேடையும் போஸ்டரும் போக, சாதாரணப் பேச்சுல முடிக்கிற வினைய அது கடைசிக்கு வச்சிருக்கும். அது வர்ற வரைக்கும் கேக்குறவன் வாயப் பாத்துக்கிட்டே நிக்கணும். 'மாரிமுத்து நேத்து ராத்திரி கணக்கப்பிள்ள வீட்டுக் கோழிய...' இம்புட்டுச் சொல்லி நிறுத்திட்டேன்னு வையி. திருடுனானா, காப்பாத்துனானா, பாத்துட்டு வந்தானா? லயத்து வீடு பூராவும் காத நீட்டிக்கிட்டு நிக்கும். அந்த நீட்டிக்கிட்டு நிக்கிற நேரந்தான் நம்ம கவிஞனுக்குக் கெடச்ச சொத்து.

அத வச்சுப் பொழச்சவர ஒனக்குக் காட்டுறேன். ரொம்பத் தூரம் போக வேணாம். மாத்தளையில பஸ் ஏறி, தம்புள்ள தாண்டி, ஹபரணையில திரும்பிப் போனாத் திருகோணமல. சம்பந்தரு பாடுன கோணேசரு ஊரு. அங்க 1939ல பொறந்தவரு தருமு சிவராமு, பெறகு பிரமிளு. நடுவுல எத்தன பேரு மாத்துனாருன்னு அவருக்கே கணக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னமோ, எண்கணிதம் பாத்துப் பாத்து மாத்துனவரு. இருபது வயசு சுமாருக்கே சி. சு. செல்லப்பா மெட்ராஸ்ல நடத்துன 'எழுத்து'ல எழுத ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பத்திரிகை 1959ல தொடங்குனது. பெறகு கடல் தாண்டி அந்தப் பக்கமே தங்கி, 1997ல வேலூருக்குப் பக்கத்துல கரடிக்குடியில போய்ச் சேந்தாரு. ஐன்ஸ்டைனோட சூத்திரத்தையே ஒரு கவிதைக்குத் தலைப்பா வச்ச ஆளு. வாயி மட்டும் கத்தி. அவருகிட்டத் திட்டு வாங்காத எழுத்தாளன் எழுத்தாளனே இல்லங்கற மாதிரி. ஒன்னயப் பாத்திருந்தா நீ இந்நேரம் கவிதைய விட்டுட்டு நிம்மதியா மொளகு யாவாரம் பாத்திருப்ப.

அவரோட 'காவியம்'னு ஒண்ணு. தலைப்பக் கேட்டு பயந்துறாத, கைக்குள்ள அடங்கிப் போகும். ஒரு பறவையோட இறகப் பத்தினது. அத நீயே எனக்கு வாசிச்சுக் காட்டுன. நான் அப்ப எந்திரிச்சு ஒக்காந்தேன், ஞாபகம் இருக்கா? கொசு கடிச்சுச்சுன்னு நீ நெனச்ச. அந்தக் கவித ஒரே வாக்கியம். எலக்கணம் ஒரு இம்மி பிசகல. எழுத்த ஒடைக்கல, சொல்லக் கவுக்கல, படம் வரையல. எழுவாய் எழுவாய் எடத்துல, பயனிலை பயனிலை எடத்துல. அவரு பண்ணுனதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தச் சின்னச் சின்ன வரியா நிறுத்தி நிறுத்தி எறக்குனது. இறகு கழண்டாச்சு, காத்துல இருக்கு. கீழதான் விழும், வேற என்ன பண்ணும்னு நாம நெனச்சுக்கிட்டே வரிவரியாப் போறோம். கடைசியில வினை வருது. விழுகுற வேல இல்ல, எழுதுற வேல. அந்தப் பறவையோட மொத்த வாழ்க்கையும் காத்து மேல எழுதியாகுது. தலைப்பு ஏன் அம்புட்டுப் பெருசுன்னு அப்பத்தான் புரியும்.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு. அங்க எல, இங்க இறகு. அமெரிக்கக்காரரு தன் பாஷை குடுத்த எடத்துல வெட்டுனாரு, சொல்லுக்கு நடுவால. திருகோணமலக்காரரு தன் பாஷை குடுத்த எடத்துல நிறுத்துனாரு, வினைக்கு முன்னால. ரெண்டு பேருமே அடுத்தவன் வீட்டு வித்தைய எடுத்துக்கிட்டு வரல. நீ அவரு எல விழுந்த மாதிரியே ஒன் மழைய எறக்குற. மழை நம்மூரு மழையாடா? ரத்தோட்டையில பேயிற மழை ஒத்த எழுத்தா எறங்கி நான் பாத்ததில்ல. அது குடும்பத்தோட வரும்.

இன்னொருத்தரு இருக்காரு, நீ நோட்டுல சுருக்கமாத் தள்ளிவிட்டுட்ட. அளவெட்டி உருத்திரமூர்த்தி, மஹாகவிங்கறது அவரு வச்சுக்கிட்ட பேரு. அந்தப் பேர வச்சுக்கவே ஒரு தைரியம் வேணும். 1927லருந்து 1971 வரைக்கும், நாப்பத்தி நாலே வருசம். யாப்ப விடாத மனுசன். ஆனா அச்சுல பாத்தா யாப்புன்னு தெரியாது. அவரும் முருகையன் மாதிரி அந்தக் காலத்துக் கூட்டாளிகளும் மரபான அடிய எடுத்து, பேச்சு எங்க நிக்கிதோ அங்க வரிய ஒடச்சு அடிச்சாங்க. ஒரு வரியில ஒத்தச் சொல்லு நிக்கும், அடுத்தது நீண்டு போகும். கண்ணால பாக்குறவன் புதுக்கவிதைம்பான். காதால கேக்குறவன் அசை எண்ணி, தள பாத்து, அட இது நம்ம பழைய பாட்டுல்லம்பான். எம். ஏ. நுஃமான் இதப் பத்தி வெவரமா எழுதியிருக்காரு. வாசி, வாசிச்சுட்டு வந்து எனக்கும் சொல்லு.

அதே மஹாகவி 1966ல 'குறும்பா'ன்னு ஒரு பொஸ்தகம் போட்டாரு. இங்கிலீஸ்ல லிமெரிக்னு ஒரு குசும்புப் பாட்டு உண்டாம், அஞ்சு வரி. நடுவுல ரெண்டு வரி குட்டை. அந்த உருவத்த எடுத்துக்கிட்டாரு, ஆனா உள்ள தமிழ்ச் சந்தத்த வச்சாரு. அந்தக் குட்டை வரிக ரெண்டும் சும்மா அழகுக்கு உள்ள தள்ளி நிக்கல. அங்கதான் கதை திரும்பும், அஞ்சாவது வரியில அடி விழும். யாழ்ப்பாணத்துக் கௌரவம், சீதனம், உத்தியோகத் திமிரு எல்லாம் அந்த அஞ்சாவது வரியில முட்டிக்கிட்டு விழுது. பக்கத்துல உருவம் எப்புடி இருக்கோ அப்புடித்தான் வாயிலயும் இருக்கு. இதப் பாத்தப்பறம் நான் ஒரு பரீட்ச கண்டுபுடிச்சேன். கவிதைய இன்னொருத்தன் வாசிக்க, கண்ண மூடிக்கிட்டுக் கேக்கணும். எங்க வரி ஒடஞ்சிருக்குன்னு காதுக்குத் தெரிஞ்சா அந்த ஒடைப்பு தேவைதான். ஒங் கவிதைய அம்மாயிய வாசிக்கச் சொன்னேன். 'ம' அப்புடின்னா. கொஞ்ச நேரங் கழிச்சு 'ழை' அப்புடின்னா. எனக்கு ஆடு கத்துற மாதிரி இருந்திச்சு.

சரி, எனக்குத் தெரிஞ்ச தொழில்ல சொல்றேன். தேயிலக்கிக் கவ்வாத்து வெட்டுறத நீ பாத்திருக்க. மூணுலருந்து அஞ்சு வருசத்துக்குள்ள ஒரு மலைக்கி ஒருக்கா வெட்டுவோம். பாக்குறவனுக்கு நாங்க காட்ட அழிக்கிற மாதிரி இருக்கும். ஆனா நெனச்ச ஒடனே கத்திய எடுக்க முடியாது. மொதல்ல அங்கங்க ரெண்டு மூணு தூர்ல வேரு கொஞ்சம் எடுத்து அயடின் சொட்டுப் போட்டுப் பாப்பாங்க. கருநீலமா மாறுனா வேர்ல மாவு இருக்கு, வெட்டலாம். நெறம் மாறலன்னா எந்தத் தொர வந்து சொன்னாலும் வெட்டக்கூடாது, வெட்டுனா மரம் திரும்பித் துளுக்காது. ஒங் கவிதையில வேர்ல மாவு இருக்கான்னு பாத்தியா? மழைன்னு ஒரு பேரு இருக்கு. நம்ம லயத்துக் கூர ஒழுகுறது, சட்டியத் தூக்கிக்கிட்டு அம்மாயி ஓடுறது, எதுவும் இல்ல. மாவில்லாத தூர நீ அடியோட வெட்டிட்ட.

பெறகு வெட்டுற எடம். கண்ணு எங்க இருக்கு, அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்து, அதுக்கு மேல, தண்ணி தேங்காத மாதிரி சாச்சு, ஒரே வெட்டு. மொக்கக் கத்தின்னா வாது பொளந்துரும், பொளந்த எடத்துல அழுகல் எறங்கும். வரிய ஒடைக்கையில நீ கேக்க வேண்டியதும் அதுதான்: இந்த எடத்துல என்ன துளுக்கப் போகுது? பிரமிளு நிறுத்துன ஒவ்வொரு எடத்துலயும் அடுத்து என்னங்கற கேள்வி துளுக்குது. நீ தாளு முடியுதுன்னு ஒடச்சிருக்க.

மூணாவது ஒண்ணு, இத எங்க கங்காணி காதத் திருகிச் சொல்லிக்குடுத்தது. சில மலையில எல்லா வாதையும் வெட்டமாட்டோம். ஒரு வாத, எலையோட, அப்புடியே விட்டுருவோம். வெட்டுப்பட்ட மரம் அது வழியாத்தான் மூச்சு விடும். புதுத் துளிர் வந்து நின்னதுக்கப்பறந்தான் அதையும் வெட்டுவோம். ஒடச்சதெல்லாம் ஒடஞ்சதாவே இருக்குற ஒங் கவிதையில, ஒரு வாக்கியத்தையாவது முழுசா விடு. எழுவாய், பயனிலை, எலை எல்லாத்தோடயும். அம்மாயி வாசிச்சா அந்த ஒரு எடத்துலயாவது மூச்சு வாங்கட்டும்.

அச்சுன்னு ஒரு தொல்ல இருக்கு, அதையும் சொல்லிர்றேன். கம்மிங்ஸ் தன் பாட்டு எழுத்துக்கு எழுத்து எடம் மாறாம வரணும்னு, ஜேக்கப்ஸ்னு ஒரு அச்சுக்கோப்பாளர வருசக்கணக்கா நம்பி வச்சிருந்தாரு. ஒனக்கு யாரு இருக்கா? நீ ஃபோன்ல எழுதி ஃபேஸ்புக்குல போடுற. நீ நாலு வரியா எழுதுனது ஒன் அக்கா ஃபோன்ல ஏழு வரியாத் தெரியுது, மாமன் ஃபோன்ல எழுத்தப் பெருசாக்கி வச்சிருக்குறதால பதிமூணு வரி. மழை அவரு வீட்டுல வேற மாதிரிப் பேயிது. நீ ஒரு மாசம் யோசிச்சு விட்ட இடவெளிய அந்தப் பொட்டி ஒரு நொடியில முழுங்கிட்டு, ஓரத்துல எல்லாத்தையும் ஒட்டிப் போட்டுருது. போன கெழம அந்தக் கவிதைக்கு வந்த மொதல் பாராட்டப் பாத்தேன். 'எழுத்துப்பிழை இருந்தாலும் அருமை'ன்னு யாரோ போட்டிருக்கான். படமா எடுத்துப் போட்டுத் தொல. இல்லாட்டி மஹாகவி மாதிரி எந்தத் தாள்ல எப்புடி ஒடைஞ்சாலும் காதுல ஒடையாத ஓசைய உள்ள வையி.

கடைசியா, பொஸ்தகம் போடக் காசு கேட்டியே, அதுக்கு வர்றேன். கம்மிங்சோட ஒரு தொகுப்ப பதினாலு பதிப்பகத்துக்காரன் வேண்டாம்னு தள்ளிவிட்டான். 1935ல அவரு அம்மா காசு குடுக்க, தானே அடிச்சாரு. 'நன்றி, வேண்டாம்'னு தலைப்பு. உள்ள சமர்ப்பணப் பக்கத்துல, தள்ளிவிட்ட அந்தப் பதினாலு பேரையும் வரிசையா, சாம்பல் வைக்கிற கலயம் மாதிரி அடுக்கிட்டாரு. நீ சொன்னதுலயே எனக்கு ரொம்பப் புடிச்ச உருவக் கவித அதுதான். படமும் வேணும், பேரும் வேணும், ஒண்ணில்லாம ஒண்ணு அர்த்தமில்ல. கோவம் இருந்திருக்கு, அதான் அந்தக் கலயம் நிமிந்து நிக்கிது.

ஒங்கம்மாகிட்டக் கேளு, அவ எம்மகதான், குடுப்பா. நான் ரெண்டாயிரம் தர்றேன், அந்தக் கமாவயும் திருப்பித் தர்றேன். ஒண்ணே ஒண்ணு, சமர்ப்பணத்துல கலயம் வரையிறதா இருந்தா சொந்தக்காரன் பேர மட்டும் உள்ள போட்டுறாத. ஆவணியில ஒன் அக்காவுக்குக் கலியாணம், எல்லாப் பயலுகளையும் பந்தியில ஒக்கார வைக்கணும்.